சுடாத கால்

முப்பத்து நான்கு வயதிலும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட என் அம்மா மாதம்மாவுக்கு,

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் மா காய்ப்பு சரியில்லை. நீ வேலை பார்த்த மாங்கூழ் கம்பெனியில் சீசன் சீக்கிரமே முடிந்துவிட்டது. நம் வீட்டில் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த இடத்தில் அத்தை ஆள் வைத்து ஓடு மாற்றிவிட்டாள். நான் ஓசூரில் அதே வாடகை வீடு, அதே வயர் கம்பெனி, அதே டெஸ்டிங் டேபிள். மூன்று ஷிப்டும் மாறி மாறி வருகிறது. சாப்பிடுகிறேனா என்று கேட்பாய். சாப்பிடுகிறேன்.

கோயில் முன்னால் ஆடிக்கு பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் அம்மனுக்குப் பக்கத்தில் உன் படம் இருக்கிறது. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். யாரோ உன்னிடம் வம்புக்கு வந்தது மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறாய். கீழே, அக்கினியைப் பூவாக மிதித்த புண்ணியவதி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அம்மனைக் கும்பிட்ட கையோடு உன்னையும் கும்பிடுகிறார்கள். என்னால் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அம்மா.

வருகிற வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். மூன்று வருஷம் தீ மிதிப்பதாக நீ வேண்டிக்கொண்டாயே, ஒன்றுதான் முடிந்தது. மீதி இரண்டை மிதிக்க அத்தை முன்வந்தாள். அப்பா போனதிலிருந்து நம் பக்கத்து வீட்டில் உனக்குத் துணையாக இருந்த அவருடைய அக்கா, அதே அத்தைதான். அவளுக்கும் உன்னைப் போலவே சர்க்கரை. அவளையும் அவளைப் போன்றவர்களையும் தடுக்க வேண்டுமென்றால் நான் உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை உடைக்க வேண்டும். ஊருக்கு முன்னால் உடைப்பதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்.

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது ஒப்பிப்பதைக் கேட்பது உன் வேலை. உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பாய். திக்கினால் தப்பு, திக்காவிட்டால் சரி என்பது உன் கணக்கு. நான் தெரியாத இடத்தில் எதையாவது கடகடவென்று உளறிவிட்டுத் தப்பித்த நாட்களும் உண்டு.

அறிவியலில் நரம்பு மண்டலம் என்று ஒரு பாடம். அதை மட்டும் உளறாமல் படித்தேன், ஐந்து மார்க் கேள்வி வருமென்று டீச்சர் சொல்லியிருந்தார். மூளை, அதிலிருந்து முதுகுக்குள் இறங்கும் தண்டுவடம், அங்கிருந்து உடம்பெல்லாம் கிளை விடும் நரம்புகள். தோலில் பட்டதை மேலே சொல்வது உணர்ச்சி நரம்பு. மேலே இருந்து வரும் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோவது இயக்க நரம்பு. சூடான பாத்திரத்தில் கை பட்டால், மூளை என்னவென்று தெரிந்துகொள்வதற்கு முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிடும். அதற்குப் பெயர் அனிச்சைச் செயல். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் நீ புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாய்.

"அப்போ மூளைய கேக்காமயே கையி எடுத்துக்குமா?"

ஆமாம் என்றேன். "பரவால்லியே, நமக்குள்ளயே ஒரு காவக்காரன் கீறான்" என்று சொல்லிச் சிரித்தாய். பால் பாத்திரத்தை இறக்க இரண்டு துணி மடித்துப் பிடிக்கிறவள் நீ. கடுகு வெடித்தால் நாலு அடி தள்ளிப் போவாய். உனக்குள் இருந்த காவல்காரன் அவ்வளவு உஷார். அந்தக் கேள்விக்கு எனக்கு ஐந்துக்கு ஐந்து மார்க் வந்தது அம்மா. அந்த மார்க்கை வைத்து நான் என்ன செய்தேன்?

உன் கால் எனக்குச் சேதி சொல்லாமல் இல்லை. ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. சாயங்காலமானால் பாதம் எரிகிறது என்றாய். மாங்கூழ் கம்பெனியில் ஈரத்தில் நாள் பூராவும் நிற்கிறாய், எரியாமல் என்ன செய்யும் என்றேன். ஒரு தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த தடவை, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். நான் கிண்டல் செய்தேன், சினிமாவில்தான் அப்படி நடப்பார்கள் என்று. காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாய். தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒரு கால் எப்படி ஊர்வரை வந்தது என்று யாருமே கேட்கவில்லை.

சர்க்கரை மாத்திரையை நீ பாதி நாள் போடவில்லை. களி சாப்பிடுகிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று ஒரு நியாயம் வைத்திருந்தாய். சீசனில் கம்பெனியில் ஒதுக்கிய பழத்தையும் ஒரு கை பார்த்தாய். நான் போனில் சத்தம் போடுவேன். போட்டுவிட்டேன் பாப்பா என்பாய். அதோடு என் கடமை முடிந்துவிடும்.

பிறகு ஒருநாள் எரிச்சல் நின்றுவிட்டது என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நானும் சந்தோஷப்பட்டேன். தைலம் வேலை செய்கிறது என்று இன்னொரு பாட்டில் வாங்கி வந்தேன்.

என் வேலை என்னவென்று உனக்கு ஒருமுறை விளக்கினேன், நினைவிருக்கிறதா? காருக்குள் போகிற வயர்க் கற்றையை டேபிளில் மாட்டி, ஒவ்வொரு வயரிலும் கரண்ட் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று அறுந்திருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும், மொத்தக் கற்றையையும் ஒதுக்கிவிடுவேன். என் கையைத் தாண்டி ஒரு அறுந்த வயர் இதுவரை போனதில்லை. எங்கள் லைனில் எனக்கு அதில் நல்ல பெயர். உடம்பு அப்படி இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. சேதி சொல்கிற நரம்பு சாகும்போது கொஞ்ச நாள் எரியும், குத்தும். முழுதாகச் செத்துவிட்டால் எந்த விளக்கும் எரியாது. வலி நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் குணமாகிவிட்டது என்று சொல்வார்கள்.

வேண்டுதலும் எனக்காகத்தான். ஏழு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தேன். என்னைப் பர்மனென்ட் செய்துவிட்டால் மூன்று வருஷம் தீ மிதிப்பதாக அம்மனிடம் சொல்லிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்டர் வந்த அன்று போனில் சொன்னேன். நீ அழுதுகொண்டே, இனி அம்மனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றாய். கடுகுக்குப் பயப்படுகிறவள் தீயில் இறங்கப் போகிறாளா என்று நான் சிரித்தேன்.

அந்த ஆடி நாளை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன். என் போனில் வீடியோ இன்னும் இருக்கிறது. பம்பைச் சத்தத்தில் உனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் ஓடினார்கள். கால் பட்டதும் படாததுமாகத் தாவித் தாவிப் போய், குண்டத்தின் முடிவில் பால் ஊற்றி வைத்த குழியில் விழாத குறையாக இறங்கினார்கள். அவர்களில் அநேகம் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இப்போது புரிகிறது. அவர்கள் காலுக்குச் சூடு தெரிந்தது. தெரிந்ததால் கால் நிற்கவில்லை.

நீ நடந்தாய். குடத்தை இடுப்பில் வைத்துக் குழாயடிக்குப் போகிறவள் மாதிரி நடந்தாய். நடுக் குண்டத்தில் தலையில் இருந்த கரகம் லேசாகச் சாய்ந்தது. நீ நின்று, இரண்டு கையாலும் அதைச் சரி செய்துகொண்டு, மறுபடி நடந்தாய். அப்போது எழுந்த குலவைச் சத்தம் வீடியோவிலேயே காதைப் பிளக்கிறது. பெண்கள் உன் காலில் விழுந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டபோது, "பூவு மேல நடந்த மாதிரிதான் இருந்துச்சி, ஒண்ணுமே தெரியல" என்றாய்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓசூருக்குத் திரும்பியதும் லைன் முழுக்க அந்த வீடியோவைக் காட்டினேன். எங்கள் லைன் லீடர் கன்னடக்காரர், எதையும் லேசில் நம்பாதவர். அவரே போன் ஸ்க்ரீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றுமே தெரியவில்லையாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த வார்த்தையை எத்தனை பெருமையாகச் சொன்னேன் அம்மா.

கால் வெந்திருந்தது. இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன, வலது பாதம் மோசம். நீ அதைப் பார்த்தாய், ஆனால் யாருக்கும் காட்டவில்லை. தீ மிதித்தவர்களில் யாருக்காவது சுட்டுவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும். விரதத்தில் குறை, சுத்தமில்லை, மனசில் கள்ளம் என்று சொல்லும். உன் காலில் விழுந்து எழுந்தவர்கள் முன்னால் அந்தக் காலை எப்படித் திருப்பிக் காட்டுவாய்? மஞ்சளை அப்பிக்கொண்டாய். உட்காரும்போது புடவையைப் பரப்பி மூடிக்கொண்டாய். வலித்திருந்தால் முடங்கிப் படுத்திருப்பாய், நாங்களும் கண்டுபிடித்திருப்போம். வலிக்காததால் அதே காலோடு வேலைக்கும் போய் வந்தாய்.

மூன்றாவது வாரம் நான் லீவில் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது போல, தேடிப் பார் பாப்பா என்றாய். நான் பரணில் ஏறினேன். அரிசி மூட்டையை நகர்த்தினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். நீ கட்டிலில் உட்கார்ந்து, அந்த மூலையில் பார், இந்த மூலையில் பார் என்று கை காட்டிக்கொண்டிருந்தாய். குனிந்த இடத்திலிருந்து உன் புடவைக் கரையில் ஈ மொய்ப்பதைப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் நான் அந்த எலியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். தெற்குப் பக்கம், பேச்சிலேயே தெரியும். கட்டுப் போடுவதற்கு முன் ஒரு நைலான் இழையை எடுத்தார், மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, விரல் விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். தெரியுதும்மா என்றாய். அடுத்த விரல், தெரியுது. குதிகால், தெரியுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சுத்தமாகப் பதில் சொன்னாய். பிறகு அவர் இழையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, உன்னைத் தொடாமல், இப்போது தெரிகிறதா என்று கேட்டார்.

"நல்லா தெரியுதும்மா" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். திக்காமல் சொன்னால் சரி என்று நினைத்துவிட்டாயா அம்மா?

வெளியே வந்து எனக்கு விளக்கினார். முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நரம்புச் செல்லின் வால் கால் கட்டைவிரல் வரைக்கும் ஒரே இழையாகப் போகிறதாம். உடம்பிலேயே நீளமான நரம்பு அதுதான். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறி நின்றால், நரம்புக்குச் சோறு போடுகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் கெடும், மேலே இருக்கும் உறையும் கெடும். ரொம்ப தூரம் போகிற நரம்பு முதலில் பட்டினி கிடக்கும். அதனால் விரலில் ஆரம்பித்து, சாக்ஸ் போடுகிற மாதிரி மேலே ஏறும். உனக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புதான் செத்திருந்தது. உத்தரவு கொண்டுவரும் நரம்பு இன்னும் வேலை செய்தது. அதனால்தான் நடக்க முடிந்தது, நின்று கரகத்தைச் சரி செய்யவும் முடிந்தது. தண்டுவடத்தில் காவல்காரன் விழித்துத்தான் இருந்தான். அவனுக்குத் தீ என்று சொல்ல ஆளில்லை.

ஐந்து மார்க் கேள்வியின் பதிலை அவர் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். வலி வேறு, காயம் வேறும்மா, வலி நின்னா காயம் நின்னதா அர்த்தம் இல்ல என்றார். நான் தலையாட்டினேன்.

இடது பாதம் தேறிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் நீ போர்வைக்குள் குனிந்து கட்டிலைச் சொறிந்துகொண்டிருந்தாய். என்னம்மா என்றேன். "பெருவெரலு அரிக்குது பாப்பா. இருந்தப்போ பொணமாட்டம் கெடந்துச்சி, போன பின்னாடி வந்து அரிக்குது பாரு" என்று சிரித்தாய். கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கு ஒதுக்கிய இடம் அப்படியே இருக்குமாம், சும்மா இருக்க முடியாமல் அதுவாக ஏதாவது சொல்லுமாம். நீ சொறியச் சொன்ன இடத்தில், வெறும் மெத்தையில், நான் சொறிந்துவிட்டேன். நல்லா இருக்குது என்றாய். அதுவும் எனக்காகச் சொன்னதா என்று தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும் நாளில்தான் சத்தியம் கேட்டாய். "கம்பெனியில கண்ணாடி குத்திடுச்சின்னு சொல்லு. தீ மிதிச்சி காலு போச்சின்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அம்மன் மேல பழி வரும். எங்கையில அடிச்சி சொல்லு" என்று கையை நீட்டினாய். அடித்தேன். ஊர் நம்பிவிட்டது. தீ சுடாத காலைக் கேவலம் ஒரு கண்ணாடித் துண்டு கொண்டுபோய்விட்டதே என்று உனக்காக அழுதவர்களும் உண்டு.

மாசியில் நீ போனாய். காலையில் அத்தையோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாயாம். வேர்க்கிறது, ஒரு மாதிரி இருக்கிறது என்றாயாம். நெஞ்சு வலிக்கிறதா என்று அத்தை கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறாய். எலுமிச்சம் பழம் பிழிந்து எடுத்துவருவதற்குள் சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் வாங்கிய வாக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டரம்மாவைக் கேட்டேன். இதயம், வயிறு, வேர்வை இவற்றையெல்லாம் நாம் சொல்லாமலே நடத்துகிற நரம்புகள் தனியாக உண்டாம். தானியங்கு நரம்பு மண்டலம், அதுவும் பாடத்தில் இருந்தது. சர்க்கரை அவற்றையும் விடாதாம். மாரடைப்பு வந்திருக்கும், அதைச் சொல்ல வேண்டிய நரம்பு சொல்லியிருக்காது என்றார்.

நோகாமல் போனாள், புண்ணியவதி என்று ஊர் பேசியது. எழவு வீட்டில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து அதையே சொன்னார்கள். நான் எல்லோரிடமும் ஆமாம் என்றேன்.

போன ஆடியில் வருஷம் திரும்பாத வீடு என்று நம்மை விட்டுவிட்டார்கள். இந்த ஆடிக்குப் பூசாரி என்னைக் கேட்டார். எனக்குத் தீ என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும், உன் மகள்தானே. ஷிப்டு இருக்கிறது, லீவு தரமாட்டார்கள் என்று மழுப்பினேன். பாப்பா பயப்படுது, நான் மிதிக்கிறேன் என்று அத்தை முன்னால் வந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் கால் எரிச்சலெல்லாம் இப்போது நின்றுவிட்டது என்றாள். டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிய ஒரு துண்டு நைலான் இழை என் பர்ஸில் இருக்கிறது. அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களைத் தொட்டேன். தெரியுது, தெரியுது என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"தெரியுது பாப்பா" என்றாள்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடி பொய் என்றேன். தீதான் காலைக் கொண்டுபோனது என்றேன். அம்மாவின் கால் ஏற்கெனவே செத்துக் கிடந்தது, அது அவளுக்கே தெரியாது, தெரியாமல்தான் இறங்கினாள் என்று சொல்லி அழுதேன். அத்தை என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"யாரு சொன்னது தெரியாதுன்னு? உங்கம்மாவுக்குத் தெரியும் பாப்பா. காப்புக் கட்டறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னா. ஊசிய வெச்சி குத்திக்கூடக் காமிச்சா. 'எனக்குத்தான் நெருப்புன்னா உசுரு போவுமே, அம்மனா பாத்து காலை மரத்துப்போக வெச்சிட்டா. இனிமே எனக்கு சுடாது, பாப்பாவுக்கு சொன்னத முடிச்சிடலாம்'னா. எனக்கும் இப்ப அப்புடித்தான் கீது. அதான் தைரியமா நிக்கறேன்."

இத்தனை நாள் நீ ஏமாந்துபோனாய் என்று நினைத்து அழுதேன். நீ ஏமாறவில்லை. வலிக்காத கால் வேகாது என்று நினைத்துவிட்டாய். செத்த காலை ஒரு வரமாக எடுத்துக்கொண்டு, எனக்காக அதைத் தீயில் வைத்தாய். ஊசியை எடுத்துக் குத்திப் பார்க்கத் தெரிந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா? தைலம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கோபம் வருகிறது. உன் மேலா, என் மேலா, அந்தப் பர்மனென்ட் ஆர்டர் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றும் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. லைனில் பச்சை விளக்கு எரிய எரியக் கற்றைகளை நகர்த்துகிறேன். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று அந்த டேபிள் நாள் முழுக்கச் சொல்கிறது. இந்த வேலைக்காகவா?

வலி வேறு, காயம் வேறு என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். பாடம் முழுக்க ஒப்பித்தேன், பத்தாம் வகுப்பில் உன்னிடம் ஒப்பித்த மாதிரியே. அவளும் உன்னைப் போலவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சொன்ன வாக்கு அந்தரத்துல நிக்கக் கூடாது பாப்பா. நீ மிதி, இல்லன்னா என்னை விடு."

நான் பஸ் ஏறிவிட்டேன். ஒரு வாரம் ஆகிறது. பர்கூர் போகும் பஸ்ஸைப் பார்த்தாலும், கெலவரப்பள்ளி போகும் பஸ்ஸைப் பார்த்தாலும், அதில் ஏறி எங்காவது போய்விடலாமா என்றிருக்கிறது. போய் எங்கே இறங்குவது?

இன்று காலை அத்தைக்குப் போன் செய்தேன். நானே மிதிக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. மூன்று தடவை சொன்ன பிறகு, உங்கம்மா மேல ஆணையா என்று கேட்டாள். உன் மேல் ஆணை என்றேன்.

பயமாக இருக்கிறது அம்மா. எழுதும்போதே உள்ளங்கால் கூசுகிறது. எனக்குச் சர்க்கரை இல்லை, போன மாதம்தான் பார்த்தேன். நைலான் இழையால் என் பத்து விரலையும் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். பத்தும் உடனே பதில் சொல்கின்றன. என் காவல்காரனுக்குச் சேதி போகும். உன்னைப் போல் என்னால் நடக்க முடியாது. ஊர் என்னைப் பார்த்துக் குலவை போடாது.

அத்தையிடம் உடைத்த பழைய சத்தியத்தை இனி ஊருக்கு முன்னாலும் உடைக்கிறேன். வெள்ளிக்கிழமை காப்புக் கட்ட வரிசையில் நிற்கும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் உன் காலுக்கு என்ன ஆனது என்று சொல்வேன். அந்தப் பிளக்ஸைக் கழற்றினாலும் கழற்றுவார்கள். கழற்றினால் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன், தெருவில் கிடக்க விடமாட்டேன். எத்தனை பேர் கேட்பார்கள் என்று தெரியாது. யாரும் கேட்காமலும் போகலாம்.

அப்புறம் இன்னொரு சத்தியம், இது உன் கையில் அடித்துச் சொல்வது. குண்டத்தில் ஓடுவேன். சுட்டால் கத்துவேன். கொப்புளம் வந்தால் மஞ்சள் அப்பி மூட மாட்டேன், அன்றைக்கே எல்லோரும் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவேன். விரதத்தில் குறை என்று சொல்லட்டும். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் காலை ஒருநாளும் திருப்பிப் பார்க்காத
உன் ஒரே மகள்,
பாப்பா